அம்மா பார்க்காத நடுப்பகுதி

ஜூன் 3, திங்கள்

நான் வேலை பார்க்கும் பெரிய கடையில் மைக்கில் அறிவிப்பு சொல்லும் அக்கா வேலையை விட்டுப் போகிறாள். நான் வழக்கம்போலக் கிடங்கில், மூட்டை மறைவில் உட்கார்ந்து, பேக்கிங் அக்காவுக்கு விலைச்சீட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மேனேஜர்.

"யாரு வாசிச்சது?"

அக்கா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

"நாளைலேர்ந்து நீ மைக்ல பேசு. சம்பளம் ஒன்றரை மடங்கு."

நானா? வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பயத்திலேயே ஒன்பதாவதோடு நின்றவள். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அம்மாவுக்காக. பகலெல்லாம் தையல் கடை, சாயங்காலம் சினிமா தியேட்டரில் கூட்டும் வேலை. என் சம்பளம் ஏறினால் தியேட்டரை விட்டுவிடலாம். சாயங்காலம் வீட்டில் அம்மா! நினைக்கவே நன்றாக இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

பேசிவிட்டேன்.

ஜூன் 8, சனி

மைக் அறை மாடியில் ஒரு பெட்டி மாதிரி. சின்ன சன்னல் வழியாக நான் எல்லாரையும் பார்க்கலாம், என்னை யாரும் பார்க்க முடியாது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேனே.

இன்று ஒரு குழந்தை வழிதவறி அழுதுகொண்டு வந்தது. மைக்கில் சொன்னேன். கீழே எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. என் பேச்சைக் கேட்டு! ஒரு தலை மட்டும் ஓடியது. அதுதான் குழந்தையின் அம்மா.

ஜூலை 1, திங்கள்

சம்பளக் கவரை அப்படியே அம்மா கையில் வைத்தேன்.

"இனிமே தியேட்டருக்குப் போகாதம்மா."

"போக வேணாமா?"

"வேணாம்."

"சரி. நீ சொன்னா சரி."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது போல.

ஜூலை 9, செவ்வாய்

தையல் கடையிலிருந்து வந்ததும் அம்மா மறுபடியும் அலமாரியைக் கலைத்து அடுக்குகிறாள். தங்கச்சி தும்மினால்கூட எரிந்து விழுகிறாள். மற்ற நேரமெல்லாம் பக்கத்து வீட்டு டிவிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்குப் புரியலை. காசு வந்தா நிம்மதி வரும்னுதானே எல்லாரும் சொல்றாங்க? அவ்வளவு பயத்தோட மைக் முன்னாடி உட்கார்ந்தேனே — யாருக்காக?

ஜூலை 13, சனி

அம்மாவோடு தியேட்டரில் வேலை பார்த்த டார்ச் அக்கா கடைக்கு வந்திருந்தாள். மற்றவர்கள் கூட்டும்போது டார்ச் அடிப்பதால் அந்தப் பெயர்.

"உங்கம்மா இல்லாம எங்களுக்குப் பொழுதே போகலடி" என்றாள்.

ஒரு காட்சி முடிவதற்குள்ளேயே இவர்கள் விளக்குமாற்றோடு கதவருகே போய் நிற்பார்களாம். கடைசிச் சண்டையைப் பார்த்துவிடலாம். கூட்டி முடித்து, அடுத்த காட்சியின் ஆரம்பத்தையும் கொஞ்சம் பார்ப்பார்களாம். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்து வாளி கழுவும்போது ஆளுக்கொரு கதை கட்டுவார்களாம்.

"வில்லன் எப்படித் திருந்துனான்னு கேட்டேன். அவனுக்குப் பல்வலி, ஹீரோதான் பல் டாக்டர்னு சொன்னா உங்கம்மா. சிரிச்ச சிரிப்புல வாளியவே உருட்டிவிட்டுட்டோம்."

அம்மாவா? எங்கள் அம்மாவா?

ஜூலை 14, ஞாயிறு

அம்மாவை அதே தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். டிக்கெட் எடுத்து, நல்ல இருக்கையில், முதலிலிருந்து கடைசிவரை ஒரு முழுப்படம். இனிமேல் நடுப்பகுதியையும் பார்க்கட்டும்.

நடுப்பகுதியில் அம்மா தூங்கிவிட்டாள்.

"இவ்ளோ இழுப்பாங்கன்னு தெரியாமப் போச்சேடி" என்றாள் வெளியே வந்ததும். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு என்னைப் பார்க்காமலே, "நாளைலேர்ந்து தியேட்டர் வேலைக்குப் போகட்டுமா?" என்றாள். என்னிடம் அனுமதி கேட்கிறாள்! "காசுக்காக இல்லடி."

"தெரியும்மா."

"நீயும் மைக்கை விட்டுடு. எனக்காகத்தானே பயந்துக்கிட்டுப் போற? பழையபடி கிடங்குலயே உக்காந்துக்கோ."

"அய்யோ, மாட்டேன்" என்றேன்.

அவ்வளவு சத்தமாகத் தெருவில் நான் பேசியதே இல்லை. அம்மா நின்று என்னைப் பார்த்தாள். எனக்கே ஆச்சரியம்தான்.

ஜூலை 20, சனி

மாடி சன்னலிலிருந்து பார்த்தேன். சோப்பு அடுக்கின் பக்கம் அம்மா, டார்ச் அக்கா, இன்னும் இரண்டு பேர். வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார்கள். அம்மா கூரையில் இருந்த ஒலிபெருக்கியைக் கைகாட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோப்புச் சலுகையைச் சொன்னேன். தாளில் அதோடு முடிந்துவிட்டது. மைக்கை அணைக்கவில்லை.

"வாளியை உருட்டிவிடும் வாடிக்கையாளர்களின் கவனத்துக்கு. புது வாளிகள் இரண்டாவது வரிசையில் இருக்கின்றன."

மேனேஜர் மேலே ஏறி வரும் சத்தம் கேட்டது. கீழேயிருந்து ஒரு சிரிப்பும் கேட்டது, மற்ற மூன்றையும் முந்திக்கொண்டு. வீட்டில் நான் அதைக் கேட்டதேயில்லை. இருந்தாலும் யாருடையது என்று தெரிந்துவிட்டது.