காவேரிக்கு எறிந்த காசு

திருவானைக்காவல்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அப்பா எழுதுவது. இங்கே என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, அங்கே எட்மன்டனில் நீயும் மாப்பிள்ளை வளவனும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் அகிலாண்டேஸ்வரியிடம் நான் கொடுக்கும் மனு. கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ கேட்பதற்குப் பதில் சொல்லியே நேரம் போய்விடுகிறது, நான் சொல்லவேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. காகிதம் குறுக்கே பேசாது. மெதுவாக வந்து சேரட்டும்.

ஊரில் விசேஷம் என்று ஒன்றும் இல்லை. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, சாயங்காலமானால் பாலத்தில் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நம் அபார்ட்மென்ட்டில் மோட்டார் மாற்றினார்கள், கீழ்வீட்டு சகாயம்மாள் வழக்கம்போல மீட்டிங்கில் சண்டை போட்டு ஜெயித்தார். அவர் கொடுத்தனுப்பும் மீன்குழம்பில் காரம் தூக்கலாக இருக்கிறது, சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து சொல்லவில்லை. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தடவுகிறேன். நீ கேட்காவிட்டாலும் மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறேன்.

இப்போது கார் விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுவிட்டுப் போன காரில் ரேடியோ செத்துப்போனபோது நான் முதலில் அரியமங்கலத்தில் பிலோமின்ராஜ் பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். அவர் பொத்தானை இரண்டு தட்டு தட்டிவிட்டு, செட் போயிடுச்சு சார், கழட்டிப் போட்டுட்டு பெரிய ஸ்கிரீன் வச்ச செட்டா மாட்டிடலாம் என்றார். அன்றைக்கு உன்னிடம் சொன்னபோது நீ கோபித்துக்கொண்டாய், வண்டியோடு வந்த செட்டில் யாரையும் கைவைக்க விடாதீர்கள், நானே பார்த்துச் சொல்கிறேன் என்றாய். அதிலிருந்து தினம் இங்கே விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அங்கே நீ ஆபீஸ் கிளம்புமுன், வீடியோவில் வந்தாய்.

முதலில் ஹாரன் அடிக்கிறதா, முன்விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னாய், எல்லாம் சரியாக இருந்தது, பாட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்றாய். மறுநாள் ரேடியோ பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னாய், கட்டைவிரல்தான் வலித்தது. அதற்கடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியைத் திறக்கவைத்தாய். நான் கதவைத் திறந்துபோட்டு மல்லாந்து படுத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடி நழுவ, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்ததை சகாயம்மாள் பார்த்துவிட்டு எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார். நீல ஃப்யூஸுக்குள் கம்பி எரிந்து அறுந்திருந்தது. மூடியில் இருந்த உபரி ஃப்யூஸைப் போட்டதும் ரேடியோவில் வெளிச்சம் வந்தது, ஒரு பெண் பாதி வாக்கியம் பேசினாள், உடனே அதுவும் அணைந்துவிட்டது. புதுசும் எரிந்துபோச்சு. எங்கேயோ உரசுகிறது அப்பா, ரேடியோவுக்கும் சார்ஜர் செருகுகிற ஓட்டைக்கும் ஒரே ஃப்யூஸ்தான், அந்த ஓட்டைக்குள் பாருங்கள் என்றாய். போன் வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் ஒரு ரூபாய்க் காசு சாய்ந்து கிடந்தது.

நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்பா, காவேரிக்குப் போடவேண்டியதை ரேடியோவுக்குப் போட்டுட்டீங்களே" என்றாய். சாவியை எடுத்துவிட்டு, ஊதுபத்திக் குச்சி நுனியில் டேப்பைச் சுற்றி நான் அந்தக் காசை ஒட்டி எடுத்ததும், ஃப்யூஸ் வாங்கிப் போட்டதும், ரேடியோ பாடியதும் உனக்கே தெரியும். காசு எப்படி அதற்குள் விழுந்தது என்று கேட்டாய். கைதவறி விழுந்தது என்றேன். அது முழு உண்மை இல்லை.

பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் உன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு இடதுபக்க ஜன்னல் வழியாக ஆற்றில் ஒரு காசு போடுவாள், ஞாபகம் இருக்கும். ஸ்டீயரிங் வலதுபக்கம் இருப்பதால் எனக்கு அந்த வேலை வந்ததே இல்லை. உன் அம்மா செல்லக்கிளி கண்மூடியபிறகு கொஞ்ச நாள் காசு போடாமல்தான் போனேன், மனசு ஒப்பவில்லை. அவள் சார்பில் யாராவது போடவேண்டாமா. அதனால் இடது ஜன்னலை இறக்கிவிட்டு, வண்டியை மெதுவாக ஓட்டி, அவள் உட்காரும் சீட்டைத் தாண்டி எறிய ஆரம்பித்தேன். ஓட்டிக்கொண்டே எறிவது தப்புதான், திட்டாதே, இனிமேல் நடந்துபோய்த்தான் போடுவேன். அன்றைக்குக் கண்ணாடி பாதிதான் இறங்கியிருந்தது. காசு அதில் பட்டுத் திரும்பி உள்ளே விழுந்தது, அந்த நிமிஷமே ரேடியோவும் நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் வண்டி ஓட்டுகிறோம் என்பதுதான் அப்போது மனசில் நின்றது, பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டி, அந்த இடது கண்ணாடியை முழுசாக ஏற்றிவிட்டு வந்தேன்.

சுபா, ரேடியோ கெட்டுக் கிடந்த அந்த வாரத்தில்தான் உன்னைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்தது. காபியை விட்டுவிட்டு ஏதோ பச்சைநிறத் தேயிலைத் தண்ணீர் குடிக்கிறாய், நின்றுகொண்டே ரொட்டி தின்கிறாய், மாப்பிள்ளை ஹாலில் விசிலடிக்கிறார், சுமாராகத்தான் அடிக்கிறார். எனக்கும் சாயங்காலம் வந்தால் சட்டை மாற்றிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. ரேடியோ சரியானதும், சரிப்பா, வேலை முடிஞ்சுது என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன்தான், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வைக்கிறேன். உன்மேல் குறை சொல்லவில்லை, உனக்கு அங்கே ஆயிரம் வேலை. ஆனால் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் கை தன்னால் போனை எடுத்துப் பார்க்கிறது. சில நாள் நான் கீழே போய்க் காரில் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டுக்கொள்கிறேன். நன்றாகத்தான் பாடுகிறது. அதற்கு என்னைத் தெரியாது.

நேற்று ஒரு காரியம் செய்தேன். மறுபடி மல்லாந்து படுத்து அந்த நீல ஃப்யூஸை நானே பிடுங்கினேன். ரேடியோ மறுபடி போச்சு என்று சொன்னால் நீ தினம் வருவாய் அல்லவா. பிடுங்கிய ஃப்யூஸைக் கையில் வைத்துக்கொண்டு உன் நம்பரை அழுத்தியும் விட்டேன். மணி அடிப்பதற்குள் வெட்கமாகிவிட்டது. நீ அங்கே குளித்தும் குளிக்காமலும் ஓடிவந்து, ஹாரன் அடிக்கிறதா பாருங்கள் அப்பா என்று ஆரம்பத்திலிருந்து கேட்பாய், நான் அடிக்கிறதும்மா என்று நடிக்கவேண்டும். போனை வைத்துவிட்டேன். ஃப்யூஸை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு மாடிக்கு வந்து காகிதம் தேடினேன், இன்றைக்குத்தான் எழுத முடிந்தது.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இருக்கவேண்டும். வெறும் வயிற்றில் அந்தப் பச்சைத் தண்ணீரைக் குடிக்காதே. குளிர் வருமுன் நல்ல பூட்ஸாக வாங்கிக்கொள். இன்னொன்று, மறந்துவிடாதே: இங்கே கார் ஓடுகிறது, ரேடியோ பாடுகிறது, ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் சரியாக இருக்கிறது. இந்த வீட்டில் நீ பார்த்துச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. சும்மா கூப்பிடு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
தங்கையன்.