சாக்ஸுக்குள் ஒரு முடி

வீட்டு வைத்தியருக்கு,

நம் குட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். போனை மேசைமேல் விட்டுவிட்டு வாயு மருந்து வாங்கப் போய்விட்டீர்கள், அதனால்தான் இந்தச் சீட்டு.

காலையிலிருந்து விசில் மாதிரி கீச்சென்று கத்துகிறாளே, அது வாயு இல்லை. உங்கள் அக்கா போனில் தீர்ப்புச் சொன்ன பிடிவாதமும் இல்லை. "நல்ல குரல்வளம், பாடகியா வருவா"ன்னு பெருமையா சொன்னீங்களே, அதுவும் இல்லை. குளிரும் என்று நீங்கள் கழற்றவே விடாத சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு தலைமுடி கால்விரலைச் சுற்றி இறுகிக் கிடக்கிறது. விரல் சிவந்து வீங்கிவிட்டது. எடுக்கப் பார்த்தேன், முடி சதைக்குள் புதைந்திருக்கிறது, நகத்துக்குச் சிக்கவில்லை. பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் வண்டியோடு வாசலில் நிற்கிறார்.

கதவைச் சும்மா சாத்தியிருக்கிறேன். சாவி ஆணியில். அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை, பாருங்கள்.

யார் முடி என்று ஆராய்ச்சி வேண்டாம். இந்த வீட்டில் தலையில் முடி உள்ளவள் நான் ஒருத்திதான். அக்காவிடம் மூச்சு விடாதீர்கள்.

விரலுக்கு ஒன்றும் ஆகாதில்லையா?

மருந்தும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். பிடிச்சுக்க ஒரு கை வேணும். ஓடி வாங்க.