அரக்கன் இல்லாத அரக்கன் கதை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம், உன் இருமல் நின்றதா என்று நீ எழுதாததால் அதில் ஒரு பிடி குறைவு, அவ்வளவுதான். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குனியக் கூடாது, கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மனிதர் கறுப்புக் கண்ணாடியும் கையுமாகத் தையல் கடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் வெட்டுகிற துணியைப் பார்க்காமலேயே கோணல் என்கிறார். தொல்லை தாங்காமல்தான் உன் நாவலை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். மாதம் ஒரு தெருவிலிருந்து ஒரு ஆள் இரும்புக் கதவுக்கு அப்பால் போக வேண்டும், போனவர் திரும்புவதில்லை என்று வருகிறதே, அந்த இடத்திலேயே அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டார். “இது நான் சொன்ன கதைதானே. வீட்டுக்கு ஒரு ஆள் கேட்கிற அரக்கன். அதைச் சொல்லித்தானே அவளுக்குச் சோறு ஊட்டுவேன்” என்றார். அன்று முழுக்க ஒரே பெருமை. மறுநாள் முகம் தொங்கிவிட்டது. திருட்டுக் கதை என்று யாராவது உன்னைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று சாப்பாடுகூட இறங்கவில்லை. உடுப்பைச் சின்னதாக்கக் கொடுத்திருந்த மருந்துக்கடைப் பெண் இதைக் கேட்டுவிட்டு, “எங்க வீட்டுல அது அரக்கன் இல்லங்க, குளத்துல இருக்கிற பாம்பு. அதுக்கும் தினம் ஒரு ஆள். அப்போ நீங்க எங்ககிட்டத் திருடினீங்களா?” என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தக் கவலை தீர்ந்தது.

அதற்குப் பிறகு அவளும் எதிர்க்கடை இஸ்திரிக்காரரும் தினமும் கதை கேட்க வந்துவிட்டார்கள். அப்பாவின் கதையில் வெளியூரிலிருந்து ஒரு பலசாலி வந்து அரக்கனை அடித்துப் போடுவான் அல்லவா, நாங்கள் எல்லோரும் அவனுக்காகவே காத்திருந்தோம், நீ அனுப்பவே இல்லை. தெருவே கூடி உட்கார்ந்து, யாரை அனுப்பலாம் என்று கை தூக்குகிற அத்தியாயம்தான் வந்தது. உன் கதாநாயகிக்கு எதிராக அவளுக்குப் பால் கொடுத்த சித்தியே கை தூக்கியதும் இஸ்திரிக்காரர் எழுந்துவிட்டார். “கதைன்னா கேட்டுட்டு நிம்மதியாத் தூங்கணும். இது என்ன, பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தாலே பயமா இருக்கு” என்று சொல்லிப் போயேவிட்டார். அப்பா மட்டும் மெதுவாக, “என் கதையில அரக்கன் மலையில இருந்தான். இவ அவனைத் தெருவுக்குக் கூட்டிட்டு வந்துட்டா” என்றார். அன்று மாலை வரை கோணல் என்கிற பேச்சே இல்லை. மறுநாள் இஸ்திரிக்காரர் தானாக வந்து, அந்தப் பெண் பிழைத்தாளா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று உட்கார வைத்தேன்.

கடைசி அத்தியாயத்தை, டாக்டர் அனுமதித்த பிறகு, அப்பாவே எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். கதவுக்கு அப்பால் அரக்கனும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் சாலை. முன்னால் போனவர்கள் தங்களுக்கு எதிராகக் கை தூக்கியவர்களிடம் எதற்குத் திரும்ப வேண்டும் என்று நடந்து போயிருக்கிறார்கள். இவள் ஒருத்தி திரும்பி வருகிறாள், ஒருவரும் கதவு திறக்கவில்லை, நடுத்தெருவில் உட்கார்ந்து “ஒரே ஒரு ஊரிலே” என்று ஆரம்பிக்கிறாள். அப்பா புத்தகத்தை மூடினார். யாரும் எழுந்திருக்கவில்லை. இஸ்திரிக்காரர், “ம், அப்புறம்?” என்றார். அவ்வளவுதான் என்றார் அப்பா. “அது எப்படிங்க? அவ இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கா” என்றார் அவர். நானும் அதையேதான் நினைத்தேன், மகளே.

குளிர் வருவதற்குள் தடித்த போர்வை ஒன்று வாங்கிக்கொள், எழுதுகிற சாக்கில் ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. கையும் மனசும் ஓயாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அது எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை கடை நம்பருக்கே போன் செய், எல்லோரும் இருப்போம். பதிலை யோசித்து வைத்துக்கொள், போனை முதலில் இஸ்திரிக்காரர்தான் எடுப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா