மேசைமேல் வைத்த கடிகாரம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

அந்தப் படத்தை நான் விட்டுவிட்டேன் என்று பேப்பரில் படித்திருப்பாய். மனைவியை அடிக்கிற வேஷம், இமேஜ் கெட்டுவிடும் என்று பயந்துவிட்டேனாம். எழுதிவிட்டுப் போகட்டும். கொலைகாரனாக நடித்துத்தான் நான் பெயரே வாங்கினேன். கெட்டவனாக நடிக்க எனக்கென்ன கூச்சம்?

ஒத்திகையில் அந்த மனைவி சாப்பாடு எடுத்து வைக்கிறாள். நான் திட்டிக்கொண்டே, அடிக்கக் கை ஓங்கும் முன், கைக்கடிகாரத்தை மெதுவாகக் கழற்றி 'டக்'கென்று மேசைமேல் வைத்தேன். கதையில் அப்படி எழுதியிருக்கவில்லை. கை தானாகச் செய்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"சார், பின்னிட்டீங்க! இத எங்க புடிச்சீங்க?" என்றார் டைரக்டர்.

அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. நேற்று வீட்டுக்கே வந்தார்.

"சரி சார், வேற ஆளப் போட்டுக்கறேன். அந்த வாட்ச் விஷயத்த மட்டும் வச்சுக்கறேன்."

"கூடாது. அது என்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது. பதினொரு வருஷம் அந்தச் சத்தத்தக் கேட்டவ அவதான்."

அவர் காபியைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். நாளை ஊரே பேசும். பேசட்டும், நான் மறுக்கமாட்டேன்.

நீ திரும்பி வரவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. ஏதோ ஒரு தியேட்டர் இருட்டில் அந்தச் சத்தம் மறுபடியும் உன் காதில் விழக் கூடாது. அவ்வளவுதான்.

இப்படிக்கு,
இப்போதெல்லாம் மணி என்ன என்று அடுத்தவரிடம் கேட்டுக்கொள்பவன்