எண் இல்லாத தகடு

ஹில்ஷன்பாக், 3 மார்ச் 1986

அன்புள்ள ஓட்மார்,

முதுகு எப்படி இருக்கிறது? நீ அங்கே வெந்நீர்க் குளத்தில் சுகமாக ஊறிக்கொண்டிரு. நான் இங்கே பட்டறையைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் டெட்லெஃப் இருக்கிறானே, அவசரக்குடுக்கை! குளிர்வாயு டாங்குக்கான எஃகுத் தகட்டை வெட்டிவிட்டான். எந்த எஃகு என்று காட்ட ஆலையில் அடித்த எண் இருந்த மூலை பழைய இரும்போடு போய்விட்டது. வெட்டுவதற்கு முன்னால் அந்த எண்ணை ஒவ்வொரு துண்டிலும் அடித்து, பக்கத்தில் அதற்கு அனுமதி பெற்ற உன் முத்திரையும் விழ வேண்டும். நீதான் இல்லையே! "இதுவும் கொதிகலன் தகடும் பக்கத்துல பக்கத்துலதான் கிடந்துச்சு. நான் சரியானதத்தான் எடுத்தேன்" என்று சத்தியம் பண்ணுகிறான். எண் தகட்டோடு வந்த சான்றிதழில் இருக்கிறது. முத்திரை இருக்கும் உன் மேசைச் சாவியை அனுப்பு, நானே அடித்துவிடுகிறேன். இந்த ஆர்டர் போனால் நம் அப்பாவின் பட்டறைக்குப் பூட்டுதான்.

உன் ரோஸ்வித்தா

பாட் ஃபூசிங், 6 மார்ச்

அன்பு ரோஸி,

முதுகு தேவலை. சாப்பாட்டில்தான் உப்பே இல்லை.

சாவி வராது. கோபித்துக்கொள், பரவாயில்லை. இன்னொரு தகடு சாதாரணக் கொதிகலன் எஃகு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உறைகுளிரில் அது பிஸ்கட் மாதிரி உடையும், அப்போது பக்கத்தில் யாராவது நிற்பார்கள். விதி தெரியாதவளா நீ? ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பு. இரண்டு வாரம் ஆகும், ஆகட்டும்.

உன் ஓட்மார்

ஹில்ஷன்பாக், 11 மார்ச்

ஓட்மார்,

வாடிக்கையாளர் இரண்டு நாள்கூடப் பொறுக்க மாட்டாராம். மேசைப் பூட்டை உடைத்தேன். எண்ணையும் உன் முத்திரையையும் அடித்துவிட்டேன். சோதனை அதிகாரி பிராக்மன் வந்து பார்த்தார். "ஓட்மார் முத்திரை இருக்கறப்ப நான் ஏன் கேள்வி கேக்கப்போறேன்?" என்று சிரித்தார். திட்டாதே.

ரோஸி

பாட் ஃபூசிங், 14 மார்ச்

ரோஸி,

திட்டவில்லை. பிராக்மனுக்கு எல்லாவற்றையும் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்குள் நீயே அவரிடம் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் நான் அனுப்புவேன். அதற்கப்புறம் என்னை வீட்டுக்குள் விடுவாயோ மாட்டாயோ. உன்னை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் அனுப்புவேன்.

ஓட்மார்

ஹில்ஷன்பாக், 4 ஏப்ரல்

அன்புள்ள ஓட்மார்,

பிராக்மனிடம் நானே சொன்னேன். மனுஷர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார், கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேலையை நிறுத்தி, ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பினார். வாடிக்கையாளர் ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

நேற்று முடிவு வந்தது. தகடு சரியான தகடுதான்.

"நான் அப்பவே சொன்னேன்ல, முதலாளியம்மா!" என்று டெட்லெஃப் குதிக்கிறான். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒன்றுமில்லாததுக்கு எல்லாம் போச்சே என்று உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். ராத்திரி முழுக்க உன்னைத் திட்டினேன். ஆனால் அந்த முடிவைப் படிக்கும்வரை எனக்கு எதுவும் தெரியாது, ஓட்மார். எது எந்தத் தகடு என்று தெரியாமலேதான் சுத்தியலை ஓங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை நீ திரும்பும்போது ரயிலடிக்கு வருகிறேன். அங்கேயே, எல்லோர் முன்னாலும், உன்னோடு சண்டை போடுவேன். அப்புறம் வீட்டுக்குப் போகலாம்.

ரோஸி