பழவேற்காட்டுக்கு வழி கேட்டு இன்னும் வருகிறார்கள்

என் அருமை மச்சான் தயாளா,

நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு அது இன்னும் தெரியவில்லை. முன்னும் பின்னும் மூட்டை கட்டிக்கொண்டு, ஆவடி சேக்காட்டில் உன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். லாரித் தொல்லை இல்லாமல் கடலோரம் போக ஆவடியில் தயாளனைக் கேள் என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் போலிருக்கிறது.

நீ இருந்தவரை, ஷிப்ட் முடிந்து வந்து சட்டைகூட மாற்றாமல் வழி சொல்வாய். இப்போது சரோஜா என்னைக் கூப்பிட்டு அனுப்புகிறாள். என் தங்கையைக் கட்டிக்கொண்டு, கடைசியில் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டாயே! சலிப்பாக இருக்கிறது மச்சான்.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பழவேற்காடு வரை நீயே மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த வருஷம் வாயைத் திறப்பாய். "ரோடு மாறிகினே கீது மாமே, பாக்காம சொல்லக் கூடாது" என்பாய். நான் பார்க்காமல் சொன்னேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். வெள்ளானூர் தாண்டி ஏரிக்கரையோடு போங்கள், கரை முடிகிற இடத்தில் ஒரு புளியமரம், அங்கே திரும்புங்கள் என்று நீ சொல்வதை அப்படியே ஒப்பித்தேன். மரமும் இல்லையாம், கரையும் இல்லையாம். எங்கே பார்த்தாலும் மனைக்கல் நட்டிருக்கிறார்களாம். சுற்றிச் சுற்றி, வெயில் ஏறியதும் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் முகம் கன்றிப் போயிருந்தது. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலாம்.

சரோஜா அவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பினாள். இனி யார் வந்தாலும் தயாளன் இல்லையென்று சொல்லிவிடு, இதோடு விட்டுவிடலாம் என்றேன்.

"வுட்டுடலாம்ண்ணா. ஆனா ஒண்ணு கேக்கறேன். வந்தவங்கோ போனவங்கோ அல்லாருக்கும் கடலுக்கு வழி சொன்னாரே உன் மச்சான், என்னை ஒரு நாளு கூட்டிகினு போனாரா?"

"அவ்ளோ தூரம் உன்னால முடியாதுன்னு..." என்று இழுத்தேன்.

"தெனம் ஃபேக்டரிக்கு நான் இன்னா பல்லக்குலயா போறேன்? சைக்கிள்லதானே போறேன்? ரெண்டு பேரும் பாத்துகினுதானே இருந்தீங்கோ?"

சிப்பாய்களுக்குச் சட்டை தைக்கிற அந்தத் தொழிற்சாலைக்கு வெயிலிலும் மழையிலும் அவள் சைக்கிளில்தான் போய் வருகிறாள். பழவேற்காட்டிலிருந்து நீ அவளுக்குக் கொண்டுவந்ததெல்லாம் கருவாடு. பூநாரைக் கூட்டத்தையும் உப்புக் காற்றையும் ஊராருக்கெல்லாம் வர்ணித்தாய், அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நமக்கு ஏன் தோன்றவே இல்லை? இல்லை, உனக்குத் தோன்றி, பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாயா? அப்படித்தான் என்று அவளிடம் சொல்லட்டுமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கிளம்புகிறோம். என் முழங்கால் ஒத்துழைக்குமா தெரியாது. அந்த மனைக்கல்களுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். அவள் முன்னால் போவாள், நான் பின்னால். அதற்கப்புறம் யாராவது வந்து கேட்டால், அவளே சொல்லிக்கொள்ளட்டும்.

அவள் கடலைப் பார்க்கிறவரை நான் பாதியில் திரும்ப மாட்டேன். இது சத்தியம். கரையில் நின்று அவள் உன்னைத் திட்டினால், உனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் மச்சான்.

உன் மச்சான்,
சரோஜாவின் அண்ணன்