கங்கம்மா கல்லின் கீழே கிணற்றை மறைத்து எங்களுக்கு வீடு விற்றது பற்றி

அனுப்புநர்:
மா. சுலோசனா,
க/பெ. காலம்சென்ற மாசிலாமணி,
கீழ்த் தறிக்காரர் தெரு,
நகரி, சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம்,
கோர்ட் வளாகம், சித்தூர்.

பொருள்: வீட்டுக்குள் பழைய கிணறு இருப்பதைச் சொல்லாமல் விற்றது – அதில் விழுந்து என் கணவர் இறந்தது – விற்றவர் கிணற்றை மூடுவதற்கு முன் ஆள் அனுப்பிப் பார்க்கும்படியும், இலவச வக்கீல் வைத்துத் தரும்படியும் கேட்பது.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நான் அஞ்சாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தெலுங்கு பேசுவேன், எழுத வராது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படிக்க வேண்டுகிறேன்.

1. என் கணவர் பவர்லூம் தறி ஓட்டுகிறவர். கல்யாணமான நாளில் இருந்து வாடகை வீடுதான். தறி சத்தம் தாங்கவில்லை என்று எந்த வீட்டுக்காரரும் எங்களை ரொம்ப நாள் வைத்துக்கொள்ள மாட்டார். பிள்ளைகள் இல்லை. சொந்தமாக ஒரு கூரை இருந்தால் யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது என்பதுதான் அவருக்கு ஒரே ஆசை. என் நகையை எல்லாம் போட்டு, போன வருஷம் தை மாசத்தில் சம்பத் என்பவரிடம் மேலே கண்ட விலாசத்தில் உள்ள வீட்டை வாங்கி ரிஜிஸ்டர் செய்தோம். சம்பத் இப்போது ரேணிகுண்டாவில் குடியிருக்கிறார்.

2. வாங்கும் முன் வீட்டை நன்றாகத்தான் பார்த்தோம். என் கணவர் சுவரைத் தட்டினார், கூரையில் ஏறிப் பார்த்தார், கரண்ட் மீட்டரைப் பார்த்தார். நடு ரூமில் ஒரு மூலையில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து ஒரு கல் நட்டிருந்தது. சம்பத் சொன்னது: "எங்கம்மா காலத்துல இருந்து கங்கம்மா அங்க உக்காந்துகினு கீறாங்க. மிதிக்காதீங்க, நகர்த்தாதீங்க. வெள்ளிக்கிழமை வெளக்கு வெச்சா போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க." நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டோம். சாமி இருக்கிற வீடு கிடைத்தது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்த மூலையில் மட்டும் நாங்கள் தட்டியும் பார்க்கவில்லை, மிதித்தும் பார்க்கவில்லை. தறி போடும்போதுகூட அம்மாவுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது என்று அவர் தறியைத் திருப்பிப் போட்டார்.

3. இந்த வருஷம் சித்திரையில் கல் ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. தறி அதிர்வில் சாய்கிறது என்று நினைத்தோம். சாமி சாய்ந்து இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று அவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, கற்பூரம் காட்டி, கல்லை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து என் கையில் கொடுத்தார். அடியில் கொஞ்சம் சிமெண்ட் போட்டு நிமிர்த்தி வைக்கலாம் என்று அந்த இடத்தில் போய் நின்றார். கடப்பாக்கல் உடைந்த சத்தம்தான் கேட்டது. தாம்பாளத்தோடு நான் நின்றுகொண்டே இருந்தேன் அய்யா. எதிரில் அவர் இல்லை.

4. ஃபயர் சர்வீஸ்காரர்கள் வந்து தூக்கினார்கள். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைக்கவில்லை. உள்ளே இருந்தது பழைய கிணறு. வாய்க்குமேல் கடப்பாக்கல்லைப் பரப்பி, அதன்மேல் சிமெண்ட் பூசி, அதன்மேல் சாமியை வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கார அம்மா ஒருவர் பிற்பாடு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அது கிணறு மூடும்போது கங்கம்மாவுக்கு நட்ட கல் என்றும், சம்பத்தே அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தியவர் என்றும் சொன்னார். "நா பேரு மாத்ரம் செப்பொத்து" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தன் பேரை மட்டும் சொல்ல வேண்டாம் என்றதால் எழுதவில்லை. நீங்கள் வந்து கேட்டால் சொல்வார் என்று நம்புகிறேன்.

5. ஸ்டேஷனில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். வீடு விற்ற சங்கதியை கோர்ட்டில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். சித்தூர் கோர்ட்டில் கல்பனா என்கிற வக்கீலம்மா நின்று கேட்டுச் சொன்னார். பார்த்தால் தெரிகிற குறை என்றால் வாங்கினவர் பொறுப்பு, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறை என்றால் விற்கிறவர் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும் என்றார். தெரிந்தே மறைத்திருந்தால் மோசடி என்று புகார் கொடுக்கலாம், கிரயத்தை ரத்து செய்யவும் நஷ்ட ஈடு கேட்கவும் சிவில் கேஸ் போடலாம், பொம்பளைகளுக்கு உங்கள் ஆபீசில் வக்கீல் இலவசம் என்றும் அவர்தான் சொன்னார். "நல்லாப் பாத்துத்தானே வாங்கினீங்க" என்று சம்பத் கேட்கிறார். ஒரு சாமிக் கல்லைப் புரட்டிப் பார்க்காதது எங்கள் கவனக்குறைவா என்பதை நீங்கள்தான் அய்யா சொல்ல வேண்டும்.

6. இதற்கு நடுவில் சம்பத் டிராக்டரில் மண் அனுப்பினார். "அக்கா, ஆனது ஆச்சு. நானே மூடித் தரேன், இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து போடு" என்றார். நான் வாசலில் உட்கார்ந்து கொண்டேன். மண்ணைத் தெருவிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டார். ஆடி பிறந்ததும் ஆளோடு வந்து மூடப்போவதாகத் தெருவில் சொல்லியிருக்கிறார். மூடிவிட்டால் என் பக்கம் சாட்சி சொல்ல அந்தக் கிணறும் இருக்காது.

7. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. சம்பத் எல்லோரிடமும், கல்லைப் பிடுங்கினதால் கங்கம்மா கோபித்துக்கொண்டாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். தெருவும் நம்பிவிட்டது. "சாமியத் தூக்கினான், சாமி தூக்கிக்கினு போயிட்டா" என்று குழாயடியில் என் காதில் விழும்படியே பேசுகிறார்கள். காரியத்துக்கு வந்தவர்கள் தெருவிலேயே நின்று சாப்பிடாமல் போனார்கள். என் சொந்தத் தங்கச்சி வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள். தறியை ஓட்ட முடியவில்லை. கரண்டு போட்டால் தரை அதிர்கிறது. கல்லை மட்டும் அலமாரியில் வைத்து வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறேன். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளைக் கொண்டுவந்து கிணற்றை மறைக்க உட்கார வைத்தவர் மேல்தான்.

ஆகவே அய்யா அவர்கள் தயவு செய்து:

கிணற்றை யாரும் மூடக் கூடாது என்று உத்தரவு வாங்கித் தரவும், ஒரு அதிகாரியை அனுப்பி அளந்து போட்டோ எடுக்கவும், கேஸ் நடத்த ஒரு வக்கீல் வைத்துத் தரவும் வேண்டுகிறேன். கிரயம் ரத்தாகுமா, பணம் திரும்புமா என்பது கோர்ட் இஷ்டம். ஆனால் மாசிலாமணி செத்தது சாமி குத்தத்தால் அல்ல, மறைத்து வைத்த கிணற்றால் என்று ஒரு சர்க்கார் காகிதத்தில் எழுதி முத்திரை போட்டுக் கொடுங்கள். சாமி சாயக் கூடாது என்று நிமிர்த்தப் போனவர் பேரில் அந்தப் பழி இருக்கக் கூடாது.

வரும் அதிகாரி வலது பக்கச் சுவரை ஒட்டி வரவும். அந்தப் பக்கம் தரை கெட்டியாக இருக்கிறது. பிடித்துக்கொள்ள நூல் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். பயந்து வாசலில் நின்றே எழுதிக்கொண்டு போய்விட வேண்டாம். அவர் போனதில் இருந்து இந்த வீட்டுக்குள் என்னைத் தவிர யாரும் கால் வைக்கவில்லை.

இடம்: நகரி
நாள்: 23.06.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கும்,
மா. சுலோசனா